மெஷினை விற்பதா, காற்றை விற்பதா?

"மெஷின் எனக்கு வேண்டாங்க. காத்து மட்டும் குடுங்க. மீட்டர் வெச்சு, ஓடின அளவுக்கு மாசாமாசம் பணம் தர்றேன்."

கோவையில் ஸ்க்ரூ கம்ப்ரஸர், அதாவது காற்றை அழுத்தித் தரும் மெஷின், தயாரிக்கும் என் நண்பரிடம், பல்லடம் பக்கம் ஏர்ஜெட் தறி (அழுத்திய காற்றால் நூலைச் செலுத்தி நெய்யும் தறி) போட்டிருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டுவிட்டார். நண்பருக்குத் தெரிந்த வியாபாரம் வேறு. குட்டேஷன் கொடுப்பார், பேரம் பேசி பத்து சதவீதம் குறைப்பார், அட்வான்ஸ் வாங்குவார், லாரியில் ஏற்றி அனுப்புவார். காற்றுக்கு எப்படி விலை போடுவது? நான் சர்வீஸ் பக்கத்தில் பல வருடம் தேய்ந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். பம்பு, ஜெனரேட்டர், மோல்டிங் மெஷின் செய்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

முதலில் மில்காரர் ஏன் அப்படிக் கேட்டார் என்று பார்த்துவிடலாம். 50 எச்.பி., அதாவது 37 கிலோவாட் மெஷின் ஒன்று. விலை 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 6,000 மணி நேரம் முழு லோடில் ஓடினால் 2,22,000 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டால் 17,76,000 ரூபாய். ஒரே வருடக் கரண்ட் பில் மெஷின் விலையைத் தாண்டிவிடுகிறது. கம்ப்ரஸரின் ஆயுள் செலவில் முக்கால் பங்கு மின்சாரம்தான் என்று துறையில் எல்லோரும் சொல்வது சும்மா இல்லை. இதற்கு மேல் லீக் வேறு. கவனிப்பு இல்லாத ஆலைகளில் தயாராகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை குழாய் இணைப்புகளிலேயே போய்விடும். நாம் பர்சேஸ் மேனேஜரோடு மல்லுக்கட்டும் அந்தப் பத்து சதவீதம், இந்தக் கணக்கில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. மில்காரருக்கு அது புரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நண்பர் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன: இப்போது போல மெஷினையும் ஸ்பேரையும் விற்பது, ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடுவது, ஓடும் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவது, மாத வாடகைக்கு விடுவது, கடைசியாக மில்காரர் கேட்டபடி காற்றையே விற்பது. லாபம் எதில் அதிகம் என்று நண்பர் கேட்டார். நான் வேறொன்று கேட்டேன்: ஒவ்வொரு வழியிலும் எந்தக் கெடுதல் நடந்தால் உங்களுக்கு லாபம்?

முதல் வழிக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். மெஷின் கெட்டால் லாபம். புது மெஷினில் போட்டி அதிகம், மார்ஜின் குறைவு. ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், செப்பரேட்டர், ஆயில் என்று பின்னால் வரும் ஸ்பேரில்தான் பணம் நிற்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஸ்பேர் விற்பவருக்கு விற்ற தொகையில் இன்சென்டிவ், சர்வீஸ் என்ஜினியருக்கு பிரேக்டவுனைக் குறைத்தால் இன்சென்டிவ். இருவரும் ஒரே வண்டியில் ஒரே மில்லுக்குப் போவார்கள். போகிற வழியில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

ஆனாலும் இந்த வழியை மட்டமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. பணம் உடனே வருகிறது, ரிஸ்க் லாரியோடு போய்விடுகிறது, பேங்க்காரருக்கும் இந்த வியாபாரம் புரிகிறது. நண்பர் போன்ற சிறு தயாரிப்பாளருக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, வாங்குபவர்களும் கொஞ்சம் வேகமாகத் தருகிறார்கள். குறை எங்கே என்றால், ஸ்பேர் வியாபாரம் கையில் நிற்பதில்லை. அசல் செப்பரேட்டர் மாதிரியே ஒன்று பக்கத்துத் தெருவில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாரண்டி முடிந்ததும் வாடிக்கையாளர் அங்கே போய்விடுகிறார். இரண்டு வருடம் கழித்து, காற்றை அழுத்தும் முக்கிய பாகமான ஏர்எண்ட் போனால் மட்டும் நம் ஞாபகம் வருகிறது.

அடுத்தது ஏ.எம்.சி. நம் ஊரில் இது பெரும்பாலும் வருடத்துக்கு நான்கு விசிட், ஒரு கையெழுத்து, ஒரு டீ. இங்கே தயாரிப்பாளருக்கு லாபம் தரும் கெடுதல் சோம்பல். பணம் முன்கூட்டியே வந்துவிட்டதால், போகாமல் விட்ட விசிட் ஒவ்வொன்றும் மிச்சம்தான். ஸ்பேரையும் உள்ளே சேர்த்த முழு ஏ.எம்.சி. என்றால் பரவாயில்லை, கெட்டால் நம் கைப்பணம் போகும் என்ற பயமாவது இருக்கும்.

ஏ.எம்.சி.யை ஒழுங்காகச் செய்து பெரிதாக வளர்ந்தவர்கள் லிஃப்ட்காரர்கள். ஓட்டிஸ் உலகம் முழுக்க 20 லட்சத்துக்கும் மேற்பட்ட லிஃப்ட், எஸ்கலேட்டர்களைப் பராமரிக்கிறது. அதன் லாபத்தில் பெரும்பகுதி வருவது பராமரிப்பில்தான், புது லிஃப்ட் விற்பதில் அல்ல. நண்பர் இதைக் கேட்டதும் கண் விரிந்தார். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். லிஃப்டைக் கட்டிடத்தில் இருந்து கழற்றி மாற்றுவது லேசில்லை, பாதுகாப்புப் பயம் இருப்பதால் பராமரிப்பை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். அதைவிட முக்கியம், அடர்த்தி. ஒரு மெக்கானிக் பைக்கில் ஒரு ஏரியாவைச் சுற்றினால் ஒரே நாளில் பல லிஃப்டைப் பார்த்துவிடலாம். பல்லடத்தில் நண்பருக்கு நாற்பது மெஷின் இருந்தால் ஏ.எம்.சி. லாபம். ஓசூரில் ஒன்று, சிவகாசியில் ஒன்று என்றால் பெட்ரோலுக்கும் பஸ்ஸுக்குமே போய்விடும். சேவை வியாபாரத்தின் பாதிக் கணக்கு மேப்பில்தான் இருக்கிறது.

மூன்றாவது வழியில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். மெஷினை விற்றுவிடுவது, ஆனால் பராமரிப்புக்கு ஓடும் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவது. ஆயில், ஃபில்டர், செப்பரேட்டர், ஏர்எண்ட் ஓவர்ஹால் எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். இது விமான இன்ஜின்காரர்களின் பழைய வித்தை. 1962இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் தன் வைப்பர் ஜெட் இன்ஜினுக்கு, பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தது. பின்னால் ரோல்ஸ் ராய்ஸ் அந்த நிறுவனத்தையே வாங்கியது, பெரிய பயணிகள் விமான இன்ஜின்களுக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தது. இன்ஜின் ஓடினால்தான் தயாரிப்பாளருக்கு வருமானம், நின்றால் நஷ்டம். விமான கம்பெனிக்கும் அதே கணக்கு. இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அதே ரோல்ஸ் ராய்ஸுக்கு இரண்டு அடி விழுந்தது, இரண்டும் நண்பருக்கும் விழக்கூடியவை. டிரென்ட் 1000 இன்ஜினில் டர்பைன் பிளேடுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அரித்து விரிசல் விட்டன. 2018 வாக்கில் பல போயிங் 787 விமானங்கள் தரையில் நின்றன. பழைய முறையாக இருந்தால் புது பிளேடு விற்றுக் காசு பார்த்திருக்கலாம். இப்போதோ செலவின் பெரும்பகுதி தயாரிப்பாளர் தலையில். டிசைனில் செய்த தவறு பல வருடம் கழித்து நம் பாக்கெட்டுக்கே திரும்பி வரும் முறை இது. இரண்டாவது அடி 2020இல். கொரோனாவில் விமானங்கள் பறக்கவில்லை, மணி ஓடவில்லை, வருமானமும் இல்லை. அந்த வருடம் பங்குதாரர்களிடம் 200 கோடி பவுண்டு திரட்டித்தான் ரோல்ஸ் ராய்ஸ் மூச்சுவிட்டது.

கொரோனா அடிக்கடி வராது என்றார் நண்பர். பருத்தி விலை வருமே! 2022 மே மாதம் ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) பருத்தி ஒரு லட்ச ரூபாயைத் தொட்டபோது கோவை வட்டாரத்தில் எத்தனை மில்கள் ஓட்டத்தை நிறுத்தின என்பது அவருக்கே தெரியும். மணிக்கணக்கில் காசு வாங்குபவருக்கு அந்த மாதங்களில் பூஜ்ஜியம்தான். சர்வீஸ் ஆட்களுக்குச் சம்பளம் பூஜ்ஜியம் இல்லை. அதனால் மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி என்று ஒப்பந்தத்திலேயே எழுதியாக வேண்டும்.

இதில் லாபம் தரும் கெடுதல் எது? அன்லோடு ஓட்டம். ஸ்க்ரூ கம்ப்ரஸரில் மொத்த மணி வேறு, லோடு மணி வேறு. காற்று தேவைப்படாதபோது மெஷின் அன்லோடில் சும்மா சுற்றும். காற்று வராது, ஆனால் முழு லோடு கரண்ட்டில் கால் பங்குக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். மொத்த மணிக்குக் காசு வாங்கினால், மெஷின் சும்மா சுற்றுவதில்தான் நமக்குச் சுகம். லோடு மணிக்கு மட்டும் வாங்கினால் அந்த ஆசை போய்விடும். கண்ட்ரோலரில் இரண்டு கணக்கும் தனித்தனியாகவே பதிவாகிறது, புதிதாக மீட்டர் எதுவும் வேண்டாம். ஐந்து வழிகளில் கெடுதலைச் சுலபமாகக் கட்டிப்போடக்கூடியது இதுதான் என்பது என் கருத்து.

வாடகையை நண்பர் முதலில் ரொம்பவே விரும்பினார். வாடகைக்கு விட்டு உலகத்தையே மாற்றிய மெஷினின் பெயரை நாம் தினமும் சொல்கிறோம். ஜெராக்ஸ் 914, 1959இல் அறிமுகமானது, கிட்டத்தட்ட 300 கிலோ எடை. விலை கொடுத்து வாங்குவதென்றால் 29,500 டாலர், யார் வாங்குவார்கள்? மாதம் 95 டாலர் வாடகை, 2,000 பிரதி இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு பிரதிக்கும் சில சென்ட் என்று விட்டார்கள். ஆபீஸ்களில் 2,000 எல்லாம் எந்த மூலைக்கு? கடைசியில் கம்பெனியின் பெயரே நகலுக்குப் பெயராகிவிட்டது, நம் ஊர்த் தெருமுனைக் கடைப் பலகை வரைக்கும். ஐ.பி.எம். இன்னொரு கதை. தன் கணக்கிடும் மெஷின்களை அது வாடகைக்கு மட்டுமே விட்டு வந்தது. வாடிக்கையாளர் கட்டுண்டு கிடக்கிறார் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டு, விற்கவும் வேண்டும் என்று 1956இல் ஒப்புக்கொள்ள வைத்தது.

நண்பருக்குச் சிக்கல் முதலீட்டில்தான். இருபது மெஷின் வாடகைக்குப் போனால் 2 கோடி ரூபாய் வெளியே நிற்கும். 11 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 22 லட்சம் வட்டிக்கே போகும். ஜெராக்ஸுக்கு இருந்தது போல வேறு யாரிடமும் இல்லாத மெஷின் கையில் இருந்தால் அந்த வட்டியை வாடகையிலேயே எடுக்கலாம். ஸ்க்ரூ கம்ப்ரஸரை அப்படிச் சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகள் முன்பு வாடகையை விரும்பியதற்கு, பேலன்ஸ் ஷீட்டில் கடனாகத் தெரியாது என்பதும் ஒரு காரணம். 2019 ஏப்ரலில் இருந்து இண்ட் ஏ.எஸ். 116 என்ற கணக்கியல் விதி வந்து, பெரும்பாலான நீண்டகால வாடகைகளைப் பேலன்ஸ் ஷீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. அந்தக் கவர்ச்சியும் குறைந்தது. இன்னொரு பயம்: மில் திவாலாகி பேங்க் சீல் வைத்தால், உள்ளே இருக்கும் கம்ப்ரஸர் நம்முடையது என்று நிரூபிக்க அலைய வேண்டும். வாடகையில் நமக்கு லாபம் தரும் கெடுதல் கிழட்டு மெஷின். கடனை அடைத்து முடித்த பிறகும் அதே மெஷினை அங்கேயே ஓட்டினால் வாடகை முழுதும் லாபம், கரண்ட் பில் ஏறுவது அவருக்கு.

சின்ன சாமான்களுக்கு வாடகை நன்றாகப் பொருந்தும். லிக்டன்ஸ்டைனைச் சேர்ந்த ஹில்டி, 2000ஆம் ஆண்டு வாக்கில் தன் டிரில் மெஷின்களை மாதக் கட்டணத்துக்கு விட ஆரம்பித்தது. கட்டிடக் கம்பெனிக்கு எந்த டிரில் எந்த சைட்டில் கிடக்கிறது, எது உடைந்தது என்பதே தலைவலி. அந்தத் தலைவலியைத்தான் ஹில்டி வாங்கிக்கொண்டது.

சரி, காற்று. மில்காரர் கேட்டது இதைத்தான். ஜெர்மனியின் கேசர் நிறுவனம் இதைப் பல வருடமாகச் செய்கிறது. மெஷின் அவர்களுடையது, வாடிக்கையாளர் கன மீட்டர் கணக்கில் காற்றுக்குக் காசு தருகிறார். ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையமும் 2015இல் பிலிப்ஸோடு இதே பாணியில் வெளிச்சத்துக்கு ஒப்பந்தம் போட்டது, அந்த ஒப்பந்தப்படி விளக்குகளின் சொந்தக்காரர் பிலிப்ஸ்தான். புதுச் சரக்கு போலத் தெரியும். ஆனால் இது ஜேம்ஸ் வாட் காலத்துச் சரக்கு. வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும் 1770களின் இறுதியில் இருந்து இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களுக்கு நீராவி இன்ஜின் போட்டுக்கொடுத்தபோது, பழைய நியூகாமன் இன்ஜினோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். இன்ஜின் எத்தனை முறை மேலும் கீழும் போனது என்று எண்ண ஒரு கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். முதல் சில வருடம் சுரங்கக்காரர்களுக்கு மகிழ்ச்சி. அப்புறம், "பழைய இன்ஜினைக் கழற்றியே எவ்வளவோ காலமாகிவிட்டது, இன்னும் எதோடு ஒப்பிட்டுக் காசு கேட்கிறீர்கள்?" என்கிற மாதிரி முணுமுணுப்பு ஆரம்பித்தது. 1790களில் பலர் பணம் தர மறுத்தார்கள், வழக்கு நடந்தது. பலன் கண்ணில் படும்வரை நன்றி இருக்கும். பழகிய பிறகு அது வெறும் பில்.

காற்றுக்கு வருவோம். நல்ல மெஷினில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஏறக்குறைய 0.1 யூனிட் பிடிக்கும், அதாவது 80 பைசா மின்சாரம். இந்த 80 பைசாவை யார் கட்டுவது? தயாரிப்பாளர் கட்டினால், தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கி 2023, 2024 ஜூலைகளிலும் கட்டணம் ஏறியது போல ஏறும்போதெல்லாம் அடி அவருக்கு. மில் கட்டினால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தயாரிப்பாளருக்கு அவசரமே இருக்காது. கன மீட்டருக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் போனால் வித்தியாசத்தை நான் தருகிறேன் என்று உத்தரவாதம் கொடுப்பதுதான் நடுவழி.

இந்த வழியில் லாபம் தரும் கெடுதலை நினைத்தபோது எங்கள் இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. லீக்! மீட்டர் கம்ப்ரஸர் ரூமில் இருக்கிறது. அதற்கு அப்பால் குழாயில் புஸ்ஸென்று போகும் காற்று முழுதும் நமக்கு வருமானம். மெஷின் கெட்டால் லாபம் என்ற பழைய வழியை விட்டு ஓடிவந்து, குழாய் கெட்டால் லாபம் என்ற இடத்தில் நிற்கிறோம். இதற்கு மெஷினும் நம் தலையில், வட்டியும் நம் தலையில், பருத்தி விலையும் நம் தலையில். கேசர் மாதிரி பெரிய கம்பெனி ஆயிரம் ஒப்பந்தத்தில் இதைப் பரப்பிவிடலாம். மூன்று மில்லை வைத்துக்கொண்டு செய்தால் ஒரு மில் கவிழ்ந்தாலும் போச்சு.

எந்த வழியில் போனாலும் கம்பெனிக்குள் மாற வேண்டியது ஒன்று உண்டு. பொருளைப் பார்த்துக்கொள்பவருக்கு டெஸ்பாட்ச் அன்றைக்கு வேலை முடிகிறது, சேவையைப் பார்த்துக்கொள்பவருக்கு அன்றைக்குத்தான் தொடங்குகிறது. எந்த மெஷின் எங்கே, எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று நண்பரிடம் கேட்டேன். ரெஜிஸ்டரில் டீலர் பெயர்தான் இருந்தது. பாதிக்கு மேல் எங்கே ஓடுகிறது என்றே தெரியவில்லை. ஜப்பானின் கொமாட்சு இந்தப் பாடத்தைத் திருடர்களிடம் கற்றுக்கொண்டது. 1990களின் இறுதியில் அங்கே எக்ஸ்கவேட்டரைத் திருடி, அதை வைத்தே ஏ.டி.எம்.மைப் பெயர்த்து எடுத்தார்கள். மெஷின் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஜி.பி.எஸ். பொருத்தினார்கள். அதே கருவி எத்தனை மணி ஓடியது, எப்படி ஓடியது என்றும் சொல்ல ஆரம்பித்ததும், 2001இல் இருந்து கொம்ட்ராக்ஸ் என்ற பெயரில் அதைத் தங்கள் மெஷின்களிலேயே பொருத்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். பராமரிப்பு, ஸ்பேர், பழைய மெஷினின் மறுவிற்பனை விலை எல்லாம் அந்தத் தகவலின் மேல் எழுந்தவை.

எதையும் சந்தாவாக்கினால் சேவை ஆகிவிடும் என்ற நினைப்பும் ஒன்று சுற்றுகிறது. பி.எம்.டபிள்யூ. 2022இல் சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பொருத்தியிருந்த சீட் ஹீட்டருக்கு மாதக் கட்டணம் கேட்டு வசை வாங்கிக்கொண்டது. அடுத்த வருடமே அதைக் கைவிட்டது. அங்கே வாடிக்கையாளரின் எந்தச் சுமையும் குறையவில்லை, அவர் வாங்கிய சாமானுக்குப் பூட்டுதான் விழுந்தது.

இரண்டாவது சனிக்கிழமை மாலை நண்பர் எழுதிக்கொண்டது இதுதான். பல்லடத்துக்காரருக்கு மெஷினை விற்றுவிடுவது. அதோடு ஐந்து வருடத்துக்கு லோடு மணிக்கு இவ்வளவு என்று பராமரிப்பு ஒப்பந்தம், மாதத்துக்குக் குறைந்தபட்ச மணி, கன மீட்டருக்கு இத்தனை யூனிட் என்ற உத்தரவாதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லீக் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம், அது காற்றுக் கணக்கோடு சேராது. எக்ஸ்சேஞ்சில் திரும்பி வந்த பழைய மெஷின் மூன்றைச் சரிசெய்து, ஸ்டாண்ட்பைக்கு (மெஷின் நின்றால் மாற்றாக ஓட்ட) மட்டும் வாடகைக்கு விடுவது. ஓசூருக்கும் சிவகாசிக்கும் பழையபடி ஸ்பேர் விற்பனை மட்டும். காற்று விற்பதை, ஐம்பது மெஷினின் மூன்று வருட மணிக் கணக்கு கையில் வந்த பிறகு பார்ப்பது.

போன வாரம் பல்லடத்துக்கு நானும் கூடப் போனேன். மில்காரர் பேப்பரை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப மெஷின் என்னுது."

"உங்களுதுங்க."

"கெட்டுப் போனா?"

"எங்களுதுங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சரிங்க. அந்த மணி ரேட்ல ஒரு பத்து பர்சென்ட் குறைச்சுக்கங்க."